காலணாவும் மூன்று காசும்

காரைக்காலுக்கு நேயர்களில் பலர் போயிருப்பீர்கள். திருநள்ளாற்றில் சனீசுவர பகவானைத் தரிசித்துவிட்டு, காரைக்கால் அம்மையார் சந்நிதியில் கும்பிட்டு, மாங்கனித் திருவிழாவுக்குப் போனவர்களானால் ஒரு மாம்பழத்தையும் மடியில் பிடித்துக்கொண்டு, அரசலாற்றங்கரையில் சற்று நின்று கடற்காற்று வாங்கிவிட்டுத் திரும்பியிருப்பீர்கள். ஆனால் அந்தச் சின்னஞ்சிறு ஊரில் ஒரு காலத்தில் இரண்டு ராஜ்யங்களின் தபாலாபீசுகள் இருந்தன என்ற விஷயத்தை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். வடக்கே தரங்கம்பாடி, தெற்கே நாகூர். நடுவில் வயலும் வாய்க்காலும் சூழ்ந்த சுமார் 160 சதுர கிலோமீட்டர் நிலம். 1739ஆம் ஆண்டில் தஞ்சை மராட்டிய அரசரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த பூமி அது. இத்தனை சிறிய பூமியில் ஒருவர் கடிதம் எழுத உட்கார்ந்தால், எழுத வேண்டிய சமாசாரத்தை யோசிப்பதற்கு முன், எந்தத் தபாலாபீசுக்குப் போவது என்று யோசிக்க வேண்டியிருந்தது!

மாயவரத்திலோ கும்பகோணத்திலோ இருக்கும் சம்பந்திக்குக் கடிதம் என்றால், பிரிட்டிஷ் இந்தியத் தபாலாபீசுக்குப் போய், விக்டோரியா மகாராணியின் தலையோ, அவருக்குப் பின் வந்த ராஜாவின் தலையோ அச்சிட்ட முத்திரையை வாங்கி ஒட்ட வேண்டும். சைகோனில் உத்தியோகம் பார்க்கும் பிள்ளைக்கோ, ரெயூனியன் தீவில் கரும்புத் தோட்டத்துக்குப் போன தம்பிக்கோ என்றால், பிரெஞ்சுத் தபாலாபீசுக்குப் போக வேண்டும். புதுச்சேரி, மாஹி, ஏனாம், சந்திரநாகூர் ஆகிய மற்ற நான்கு பிரெஞ்சுப் பிரதேசங்களிலும் இதே ஏற்பாடுதான். ஒரே தெருவில் வாழ்ந்த ஜனங்கள் இரண்டு சாம்ராஜ்யங்களின் தபால் வரியைச் செலுத்தினார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

வரி என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. கடிதம் அனுப்புவது சாமானிய ஜனங்களுக்குச் செய்யும் சேவையா, அல்லது சர்க்கார் பொக்கிஷத்தை நிரப்பும் வழியா என்ற வழக்கு, தபால் ஏற்பட்ட நாள் முதல் நடந்து வருகிறது. இன்னும் அதற்குத் தீர்ப்பு ஆகவில்லை.

பழைய கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1774ஆம் ஆண்டில் வாரன் ஹேஸ்டிங்ஸ் கம்பெனியின் தபாலைப் பொது ஜனங்களுக்கும் திறந்துவிட்டான். நூறு மைலுக்கு இரண்டு அணா கூலி. 1837ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பின்பும் தூரத்துக்கு ஏற்ற கூலிதான். கல்கத்தாவிலிருந்து பம்பாய்க்கு ஒரு தோலா எடையுள்ள கடிதம் போக ஒரு முழு ரூபாய். ஆக்ராவுக்குப் பன்னிரண்டு அணா. தஞ்சைச் சீமையில் விவசாயக் கூலியைப் பெரும்பாலும் நெல்லாகவே அளந்து போட்ட காலம் அது. வெள்ளி ரூபாயைக் கண்ணால் காணாமலே வருஷத்தை ஓட்டிய குடும்பங்கள் எத்தனையோ! அவர்களுக்குத் தபால் என்பது, காட்டிலும் மேட்டிலும் மணி கட்டிய ஈட்டியுடன் ஓடும் தபால் ஓட்டக்காரனின் சலங்கைச் சப்தம் மட்டுந்தான். பையில் இருந்ததெல்லாம் துரைமார்களின் காகிதங்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், உத்தியோகஸ்தர் பலருடைய கடிதங்கள் கூலி இல்லாமலே போயின. பணம் உள்ளவனுக்கு இனாம். இல்லாதவனுக்கு ஒரு ரூபாய்!

இந்த அநியாயத்தின் வேரைக் கண்டுபிடித்தவர் இங்கிலாந்தில் ரோலண்ட் ஹில் என்ற பள்ளிக்கூட உபாத்தியாயர். அதுவரையில் அவர் தபால் இலாகாவில் ஒரு நாள்கூட வேலை பார்த்தவர் அல்ல. அதனால்தான் அவருக்கு விஷயம் விளங்கியது போலும். லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரு கடிதத்தைச் சுமந்து செல்ல உண்மையில் ஆகும் செலவு என்ன என்று அவர் கணக்குப் போட்டார். ஒரு பென்னியை முப்பத்தாறு கூறாக்கி அதில் ஒரு கூறு! ஆனால் ஜனங்களிடம் வசூலித்ததோ ஒரு ஷில்லிங்குக்கு மேல். பாக்கிப் பணம் எங்கே போயிற்று? ஒவ்வொரு கடிதத்துக்கும் தூரம் அளந்து, கூலி எழுதி, வாசல் வாசலாய் நின்று பணம் கேட்டு, "வேண்டாம்" என்று திருப்பியதைச் சுமந்து வந்து, கணக்கு எழுதுவதில் போயிற்று. தூரம் பார்க்காதே, எடை மட்டும் பார், பணத்தை முன்னாலேயே வாங்கிவிடு, அதற்கு அடையாளமாக ஒரு சிறு துண்டுக் காகிதத்தை ஒட்டு என்று 1837ஆம் ஆண்டில் அவர் ஒரு சிறு நூல் வெளியிட்டார். 1840ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 10ஆம் தேதி முதல் இங்கிலாந்து முழுவதற்கும் ஒரு பென்னிக் கூலி அமுலுக்கு வந்தது. துண்டுக் காகிதம்தான் தபால் தலை.

அந்த யோசனை கடல் தாண்டி நம் தேசத்துக்கு வரப் பதினான்கு வருஷம் ஆயிற்று. 1854ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதியிலிருந்து தேசம் முழுவதற்கும் ஒரே கூலி: கால் தோலாவுக்கு மேற்படாத கடிதத்துக்கு அரை அணா. கன்னியாகுமரிக்கும் பெஷாவருக்கும் இடையில் எத்தனை ஆறு, எத்தனை மலை இருந்தால் என்ன? அரை அணாத்தான். முன்பணம் கட்டாத கடிதத்துக்கு, வாங்குகிறவர் இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டும். "நாட்பெய்டு" என்று நம் பாட்டிமார்கள் வசவைப் போல உச்சரிப்பார்களே, அந்தக் கடிதம் இதுதான்.

ஆனால் சாமானியனுடைய கடிதம் என்று உண்மையாகச் சொல்லத்தக்கது அதற்குப் பிறகு இருபத்தைந்து வருஷம் கழித்துத்தான் பிறந்தது. 1869ஆம் ஆண்டு அக்டோபரில் ஆஸ்திரியா-ஹங்கேரி தேசத்தில் முதன்முதலாக ஒரு கெட்டி அட்டையை, உறை இல்லாமல், மடிப்பு இல்லாமல், பாதி விலைக்கும் குறைவாகத் தபாலில் விட்டுப் பார்த்தார்கள். 1879ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியன்று அந்த அட்டை இந்தியாவுக்கு வந்தது. விலை காலணா. அதாவது மூன்று பை. கடிதத்தின் கூலியில் சரிபாதி. அதிலும் காகிதமும் உறையும் விலைக்குள் அடக்கம்!

பெரிய மனிதர்கள் முகம் சுளித்தார்கள். கார்டில் எழுதினால் தபால்காரர் முதல் தெருக்கோடி வெற்றிலைக் கடைக்காரர் வரையில் படித்து விடுவார்களே என்றார்கள். வாஸ்தவந்தான். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத குடும்பங்களில் யாராவது ஒருவர் படித்துச் சொல்லித்தானே ஆக வேண்டும்? ரகசியம் என்பதும் ஒரு செல்வந்தான். ஏழைக்கு அது வேண்டியிருக்கவில்லை. "இவ்விடம் சகலரும் க்ஷேமம். அவ்விடம் க்ஷேமத்துக்கு எழுதவும். பசு கன்று போட்டிருக்கிறது. தை மாதம் அறுப்புக்கு வரவும்." இதை ஊரார் படித்தால் என்ன குடி முழுகிப் போகும்? மங்கள சமாசாரமானால் கார்டின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவுவார்கள். துக்கச் செய்தியானால் கறுப்பு. திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்கள் தபால்காரர் கையில் இருக்கும்போதே மூலையைப் பார்த்து விஷயத்தைத் தெரிந்து கொள்வார்கள். படிப்பு வராதவர்களுக்கும் காலணாக் கார்டு தானே பேசியது.

இனிக் காரைக்காலுக்கு வருவோம். கடிதம் அங்கே எவ்வளவு உயிர்நிலையான விஷயம் என்பதை உணர, அந்த ஊரிலிருந்து யார் யார் எங்கெங்கே போனார்கள் என்று பார்க்க வேண்டும். பிரெஞ்சுத் தீவுகளில் 1848ஆம் ஆண்டில் அடிமைமுறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் இல்லை. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஆள் சேர்த்துக் கப்பலேற்றினார்கள். 1861ஆம் ஆண்டில் பிரிட்டிஷாரும் பிரெஞ்சுக்காரரும் உடன்படிக்கை செய்து கொண்ட பிறகு, தஞ்சை ஜில்லாவின் கிராமங்களிலிருந்தும் ஜனங்கள் இந்தத் துறைமுகங்கள் வழியாக ரெயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்குப் போனார்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம். ஆண் ஆளுக்கு மாதம் பன்னிரண்டரை பிராங்கு சம்பளம்.

இவர்களில் ஒருவன் வீட்டுக்குக் கடிதம் போட ஆசைப்பட்டான் என்று வைத்துக் கொள்வோம். 1874ஆம் ஆண்டில் பெர்ன் நகரில் சர்வதேசத் தபால் சங்கம் ஏற்பட்டது. 1876ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் இந்தியாவும் பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளும் அதில் சேர்ந்தன. அதன் பிறகு ஏற்பட்ட சர்வதேசக் கூலி இருபத்தைந்து சாந்தீம். மாதம் பன்னிரண்டரை பிராங்கு என்றால், வேலை நாள் ஒன்றுக்குச் சுமார் ஐம்பது சாந்தீம். ஆகவே ஒரு கடிதத்துக்கு அரை நாள் உழைப்பு. எழுதிக் கொடுப்பவருக்குக் கொடுக்க வேண்டியது தனி. அதற்கு முந்திய காலத்துக் கூலி இன்னும் அதிகம். இத்தனைக்கும், சர்வதேசச் சங்கத்தின் ஏற்பாடு ஒரு மகத்தான சீர்திருத்தம் என்று உலகமெல்லாம் கொண்டாடிய காலம்! போனவர்களில் எத்தனை பேர் திரும்பினார்கள் என்பதைவிட எத்தனை பேர் எழுதினார்கள் என்பதையே நான் நினைத்துப் பார்க்கிறேன். இன்று குவாதலூப்பிலும் மார்த்தினிக்கிலும் தமிழ்ப் பெயரைக் கொண்ட குடும்பங்கள் இருக்கின்றன. தங்கள் மூதாதையர் எந்த ஊர், எந்தத் தெரு என்று தேடிக்கொண்டு அவர்களில் சிலர் இங்கு வருகிறார்கள். கையில் இருப்பது கப்பல் பதிவேட்டின் நகல். ஒரு பழைய கடிதமாவது இருந்தால் தேடுவது எவ்வளவு சுலபமாயிருக்கும்!

சைகோனுக்குப் போனவர்களின் கதை வேறு. அவர்கள் குமாஸ்தாக்கள், சிப்பாய்கள், வர்த்தகர்கள். காரைக்கால் மரைக்காயர்கள் பலர் அங்கும் மலாய் நாட்டிலும் கடை வைத்தார்கள். அவர்களுக்குக் கடிதம் எழுதவும் தெரியும், முத்திரை வாங்கப் பணமும் உண்டு. பிரெஞ்சு சாம்ராஜ்யத்துக்குள் கூலியும் பிற்பாடு குறைந்தது. ஆங்கிலேயர்களும் 1898ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று, தங்கள் சாம்ராஜ்யத்தின் பெரும் பகுதிக்கு ஒரு பென்னிக் கூலியை ஏற்படுத்தினார்கள். அதன்படி இந்தியாவிலிருந்து லண்டனுக்கு ஒரு அணா. அதே 1898ஆம் ஆண்டில்தான் பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு ரயிலும் வந்தது.

பிரெஞ்சு இந்தியாவின் தபால் தலைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. கடைத்தெருவில் புழங்கியது ரூபாய். தபால் தலையில் அச்சிட்டிருந்ததோ பிராங்கும் சாந்தீமும். ஒவ்வொரு தடவையும் மனக்கணக்குப் போட்டு மாளாது. 1923ஆம் ஆண்டில் சர்க்காருக்கே சலித்துப் போய், தலைகளின் மதிப்பை உள்ளூர் நாணயத்துக்கு மாற்றினார்கள். ஒரு ரூபாய்க்கு எட்டு "பனோன்". ஒரு பனோனுக்கு இருபத்துநான்கு "காஷ்". இந்த இரண்டு பிரெஞ்சுப் பதங்களையும் சற்று உரசிப் பாருங்கள்: நம்முடைய "பணம்", நம்முடைய "காசு"! எட்டை இருபத்துநான்கால் பெருக்கினால் 192. பிரிட்டிஷ் ரூபாய்க்கும் 192 பைதான். ஆகவே ஒரு காசு என்றால் ஒரு பை, காலணா என்றால் மூன்று காசு. எல்லைச் சாவடிக்கு இரு புறத்திலும் ஏழையின் கணக்கு ஒன்றாகவே இருந்தது.

அந்தத் தலைகளில், 1914ஆம் ஆண்டு முதல், பிரம்மதேவனுடைய உருவமும் ஒரு கோயிலின் தோற்றமும் அச்சாகி வந்தன. மதத்துக்கும் ராஜ்யத்துக்கும் சம்பந்தமில்லை என்று 1905ஆம் ஆண்டில் சட்டம் செய்த பிரெஞ்சுக் குடியரசு, இங்கே பிரம்மாவை வைத்து முத்திரை விற்றது! புதுத் தலைகள் அச்சாகி வரும் வரையில் பழைய தலைகளின் மேலேயே பணம், காசு என்று புது விலையை அச்சிட்டார்கள். உலகத்தார் தலையெழுத்தையெல்லாம் எழுதுகிற பிரம்மாவுக்கே தலைமேல் எழுத்து!

நிற்க. கூலி குறைந்துவிட்டால் மட்டும் போதுமா? 1908ஆம் ஆண்டு முதல் பத்து வருஷம் பாரதியார் புதுச்சேரியில் வாழ்ந்தார். அவருடைய "இந்தியா" பத்திரிகை அங்கே அச்சாகித் தபால் மூலமாகவே தமிழ் நாடெங்கும் பரவியது. பத்திரிகை எந்த வழியாகப் போக வேண்டும்? பிரிட்டிஷ் தபால் வழியாகத்தான்! சந்தாப் பணம் எந்த வழியாக வர வேண்டும்? அதே வழியாகத்தான். பிரெஞ்சு மண்ணில் கால் வைக்கப் பிரிட்டிஷ் போலீசுக்கு அதிகாரமில்லை; ஆனால் தபால் பையின் வாயைக் கட்டுவதற்கு அதிகாரம் இருந்தது. பிரிட்டிஷ் எல்லைக்குள் பத்திரிகை புகக் கூடாது என்று தடை வந்தது. 1910ஆம் ஆண்டில் பத்திரிகை நின்றது. அரை அணா மலிவுதான்; அந்த மலிவு யாருக்கு என்பதை ஆங்கிலேயன் தீர்மானித்தான்.

கார்டின் விலைக்கு வந்த சோதனையையும் சொல்ல வேண்டும். மகாயுத்தம் முடிந்து சர்க்கார் கடனில் மூழ்கியிருந்த 1922ஆம் ஆண்டில் காலணாக் கார்டு அரை அணாவாயிற்று. அரை அணாக் கடிதம் ஒரு அணாவாயிற்று. நாற்பத்துமூன்று வருஷம் அசையாமல் நின்ற விலை ஒரே அடியில் இரட்டித்தது. பிறகு 1925ஆம் ஆண்டில் தபால் இலாகாவின் கணக்குகளை வியாபாரக் கம்பெனியின் கணக்கைப் போல் வைக்கத் தொடங்கினார்கள். 1931ஆம் ஆண்டு பின்பகுதியில் நிதி மந்திரி ஷஸ்டர் துரை அவசர பட்ஜெட் ஒன்று கொண்டுவந்தார். டிசம்பர் முதல் கார்டு ஒன்பது பை. அந்த வருஷத்தை நினைத்துப் பாருங்கள். உலகமெங்கும் வியாபார மந்தம். தஞ்சை ஜில்லாவில் நெல் விலை பாதாளத்தில் விழுந்து, மிராசுதாரர் முதல் குத்தகைக்காரர் வரையில் கை பிசைந்து கொண்டிருந்தார்கள். விளைந்த பொருளுக்கெல்லாம் விலை இறங்கிய காலத்தில், "விளைந்த பொருளுக்கு விலை இல்லை" என்று எழுதுவதற்கான கார்டுக்கு மட்டும் விலை ஏறிற்று!

டில்லிச் சட்டசபையில் நிதி மசோதா வரும்போதெல்லாம் கார்டின் விலையைக் குறைக்கக் கோரித் திருத்தங்கள் வந்தன. உப்பு வரிக்கு அடுத்தபடி, ஏழையின் பெயரால் அங்கே அதிகமாகப் பேசப்பட்ட விஷயங்களில் இதுவும் ஒன்று. சர்க்கார் தரப்பின் பதில் எப்போதும் ஒன்றே: நஷ்டம். கடைசியில் 1946ஆம் ஆண்டில் கார்டு அரை அணாவுக்கு இறங்கியது. மூன்று வருஷங்கூட நிலைக்கவில்லை. சுதந்திர சர்க்கார் 1949ஆம் ஆண்டில் அதை மறுபடி ஒன்பது பையாக்கிற்று. நம்மவர்கள் ஏற்றினால் வலிக்காது என்று யாராவது சொன்னார்களோ என்னவோ! ஆனால் ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சுதந்திரம் வந்தபோது தேசத்தில் இருந்த தபாலாபீசுகள் சுமார் 23,000. இன்று 1,64,000க்கு மேல். அவற்றில் பத்துக்கு ஒன்பது கிராமங்களில். நாலு மைல் நடந்து போய்க் காலணாக் கார்டு வாங்குகிறவனுக்குக் கார்டு காலணா அல்ல. அரை நாள் கூலியும் சேர்ந்ததுதான் அதன் விலை.

1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி காரைக்கால் இந்திய நிர்வாகத்துக்கு வந்தது. பிரம்மாவும் பணமும் காசும் அன்றோடு தபாலாபீசை விட்டு விடைபெற்றுக் கொண்டு, தபால் தலை சேகரிப்பவர்களின் ஆல்பத்தில் போய் உட்கார்ந்தார்கள். 1972ஆம் ஆண்டு சுதந்திர தினத்தன்று பின்கோடு முறை வந்தபோது, புதுச்சேரி 605 என்ற தொடரில் சேர்ந்தது. காரைக்காலுக்கோ, பக்கத்திலுள்ள மாயூரத்தைப் போல 609 என்ற தொடர். ராஜாங்கம் புதுச்சேரியோடு, தபால் பை மட்டும் தஞ்சைச் சீமையோடு. ஆற்றுக்கும் வயலுக்கும் தெரிந்த உண்மையை அஞ்சல் இலாகா ஒப்புக்கொண்டது என்று வைத்துக் கொள்ளலாம்.

1957ஆம் ஆண்டில் ஐந்து நயா பைசாவான கார்டு, ஏறி ஏறி, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐம்பது பைசாவுக்கு வந்து நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அசையவில்லை. ஒரு கார்டைச் சுமந்து கொடுக்க இலாகாவுக்குப் பத்து ரூபாய்க்கு மேல் ஆகிறது என்று அதன் கணக்குகள் சொல்லி வந்திருக்கின்றன. டெலிவிஷன் போட்டிகளுக்கு ஜனங்கள் மலிவான கார்டில் மூட்டை மூட்டையாக விடை அனுப்பியதைக் கண்டு, போட்டிக்கென்றே விலை கூடிய கார்டு ஒன்றைத் தனியாக அச்சிட்டார்கள். அந்த விஷயத்தில் இலாகாவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சம்பந்தியின் க்ஷேமம் விசாரிக்கிறவனுக்குக் கொடுத்த சலுகையைப் பரிசுப் போட்டிக் கம்பெனி ஏன் தின்ன வேண்டும்?

ஆனால் சாமானியனுக்கு இப்போது வேண்டியிருப்பது கார்டா? க்ஷேம சமாசாரத்தைக் கைப்பேசி பார்த்துக் கொள்கிறது. வளைகுடா நாட்டிலுள்ள பிள்ளையின் முகத்தைத் தாயார் தினந்தோறும் பார்க்கிறாள். தந்தி 2013ஆம் ஆண்டு ஜூலையோடு மறைந்தது. டென்மார்க்கில் 2025ஆம் ஆண்டு முடிவோடு தேசியத் தபால் நிறுவனம் கடிதம் கொடுப்பதையே நிறுத்திவிட்டது. இன்று காரைக்கால்வாசி ஒருவர் தபாலாபீசுக்குப் போகிறார் என்றால், வேலைக்கு விண்ணப்பம், வக்கீல் நோட்டீசு, பென்ஷன் காகிதம், புத்தகக் கட்டு, இவற்றில் ஏதாவது ஒன்றாயிருக்கும். கார்டின் விலையைத் தொடாமல் விட்டுவிட்டு, கை வைத்திருப்பது இவற்றின் கூலியில்தான்! பதிவுத் தபால் என்ற பழைய பிரிவு 2025ஆம் ஆண்டில் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டது. போய்ச் சேர்ந்ததற்குக் கையெழுத்து வேண்டும், அவசரம் ஒன்றுமில்லை என்கிறவனும் இப்போது அவசரக்காரனுடைய கூலியைக் கொடுக்கிறான். விரைவுத் தபாலில் உள்ளூருக்கு ஒரு விலை, வெளியூருக்கு ஒரு விலை. ரோலண்ட் ஹில் வாசல் வழியாக விரட்டிய தூரக் கணக்கு, கொல்லைப்புறமாக உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது.

புத்தகங்களுக்கு நேர்ந்தது இன்னும் விசித்திரம். மலிவான புத்தகத் தபால் முறையை 2024ஆம் ஆண்டு டிசம்பரில் நிறுத்தினார்கள். பதிப்பாளர்களும் வாசகர்களும் கூக்குரலிட்டார்கள். 2025ஆம் ஆண்டு மே முதல் தேதி "ஞான் போஸ்ட்" என்ற பெயரில் ஒரு சலுகை வந்தது: 300 கிராம் வரையில் 20 ரூபாய், 5 கிலோ வரையில் 100 ரூபாய். கூக்குரலுக்குப் பலன் உண்டு என்பதற்கு இதைவிட அண்மையான அத்தாட்சி கிடையாது. பதிவுத் தபாலுக்காக அதே அளவு யாரும் கூவவில்லை. வக்கீல் நோட்டீசு அனுப்புகிற விதவைக்கும், விண்ணப்பம் போடுகிற பையனுக்கும் பதிப்பாளர் சங்கம் எங்கே இருக்கிறது?

சில மாதங்களுக்கு முன் நான் ஒரு தபாலாபீசில் கார்டு கேட்டேன். "ஒன்றா? சில்லறை கொடுக்க முடியாதே" என்றார் உள்ளிருந்த அம்மாள். ஐம்பது பைசா நாணயம் சட்டப்படி இன்னும் செல்லும். ஆனால் கொடுப்பாரும் இல்லை, வாங்குவாரும் இல்லை. ஆகவே கார்டு வாங்குகிறவர்கள் இரண்டாகத்தான் வாங்க வேண்டும். இரண்டு வாங்கினேன். ஒன்றைக் காரைக்காலில் இருக்கும் சிநேகிதருக்கு, 609602 என்று தெளிவாக எழுதிப் போட்டேன். நாலாம் நாள் அவரிடமிருந்து டெலிபோன் வந்தது. கார்டு கிடைத்ததாம், அவருக்கு முன்னால் அதை அவர் பேத்தி படித்துவிட்டாளாம். "இந்த அட்டையை எந்தக் கடையில் விற்கிறார்கள்? எனக்கும் ஒன்று வேண்டும்" என்று கேட்கிறாளாம். மற்றொரு கார்டை அவள் பெயருக்கு எழுதிப் போட்டேன்.